அடித்தண்ணீர் போகும் திசை

காயல் கடலோடு சேரும் மணக்குடிப் பொழியில் எந்த ஆழத்தில் எவ்வளவு உப்பு என்று பார்த்து எழுதுவதுதான் அந்த வருஷம் எனக்கு உத்தியோகம். காயலையே சின்னதாகச் செய்து பார்க்கும் கிறுக்கும் கூடவே பிடித்துக்கொண்டது. கோட்டாற்றில் ஒரு கண்ணாடித் தொட்டி செய்வித்தேன். நடுவில் தடுப்பு, ஒரு பக்கம் நீல மை கலந்த உப்புத் தண்ணீர், மறுபக்கம் நல்ல தண்ணீர். தடுப்பை எடுத்ததும் நல்ல தண்ணீர் மேலாக இந்தப் பக்கம் வர, நீலம் அடியில் பதுங்கி அந்தப் பக்கம் ஊர்ந்து போயிற்று. பார்க்க என்னவோ போல் இருந்தது. பெருமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

கழி ஊன்றி எனக்கு வள்ளம் ஓட்டியவன் அதிகம் பேசமாட்டான். முந்தின ஐப்பசியில் அவன் தம்பி பொழியருகே வள்ளம் கவிழ்ந்து மூழ்கிப்போனான். உடல் கிடைக்கவில்லை. அங்கே ஒரு வழக்கம்: தேங்காய்ச் சிரட்டையில் மெழுகுதிரி ஏற்றித் தண்ணீரில் விட்டு, அது போகும் வழியில் தேடுவார்கள். சிரட்டை நேரே கடலுக்குப் போயிற்று. நாள்கணக்காகக் கடலில் வலைபோட்டும் பலனில்லை. கல்லறைத் தோட்டத்தில் மகனுக்கு ஒரு குழிகூட இல்லையே என்று தாய் அழுதுகொண்டே இருந்தாள். எப்படியாவது தம்பியை அடக்கம் செய்துவிட வேண்டும், அவனுக்கு அது ஒன்றே கவலை.

ஒரு நாள் காலை, காற்றே இல்லை. நங்கூரம் போட்டுவிட்டு, அடியோட்டம் பார்க்க, அகலமான தகரத்தில் கல்லைக் கட்டித் தரை தொடாமல் அடிவரை இறக்கி, கயிற்றை அவன் கையில் கொடுத்தேன். மேலே நுரையும் சருகும் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. கயிறோ எதிரே, காயலின் உட்பக்கம் சாய்ந்து இழுத்தது.

"சாரே, ஆரோ பிடிச்சு இழுக்கான்."

"ஆரும் இல்லடே. உப்புத்தண்ணிக்குக் கனம் கூடுதல். அது அடியோட உள்ளோட்டுப் போவும்."

தொட்டியில் கண்டதைச் சொல்லும் உற்சாகத்தில் வாயை விட்டுவிட்டேன். அவன் கயிற்றை விடவில்லை.

"அப்பம் அவன் கடலுக்குப் போவல்லியா? வீட்டப் பாத்தாக்கும் வந்திருக்கான்?"

நான் நங்கூரத்தை எடுக்கக் குனிந்தேன்.

மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் நானே தேடிப் போனேன். காயலோரம் அவன் வீட்டுப் படித்துறையான கடவில், கயிறு திரிக்கத் தேங்காய்த் தொண்டு அழுகப்போடும் மரக் குற்றிகளுக்கு நடுவே, மார்பளவு கறுத்த தண்ணீரில் நின்று காலால் தரையைத் தடவிக்கொண்டிருந்தான். தொண்டு அழுகும் அந்த வாடையில் வேறு எந்த வாடையும் யாருக்கும் தெரிந்திருக்காது. என்னைக் கண்டதும் கையை விரித்துக் காட்டினான். தம்பி கழுத்தில் கிடந்த வெள்ளிச் சுரூபப் பதக்கம்.

"அம்மைகிட்ட நீங்க சொல்லுங்க சாரே. இந்தக் கடவிலயாக்கும் அவ தெனமும் குளிச்சது."