ஈரத்தில் கட்டிய சாரம்

என் அக்கா வீட்டுக்காரர் சாரம் கட்டுபவர். கட்டடம் எழும்பும்போது கொத்தனார்கள் நின்று வேலை செய்ய, வெளிப்பக்கம் மூங்கிலை நட்டு, குறுக்கே கட்டை போட்டு, கயிற்றால் இறுக்குவார்களே, அந்த வேலை. ஆணி கிடையாது, போல்ட் கிடையாது. மேலே நிற்கிற உயிரெல்லாம் நாரை நம்பித்தான் நிற்கிறது.

இப்படி ஒரு வேலைக்கு ஊரிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி எப்படி வந்து சேர்ந்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். நாய் குரைத்தால் மாமா தெரு மாறிப் போவார். லிஃப்டில் ஏற மாட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது இவரைப் பார்த்துச் சொன்னதுதான். வேலையிடத்தில் அவருக்குப் பெயரே 'பயம்'. "பயம் வந்தாச்சா?" என்றுதான் மேஸ்திரி விசாரிப்பார். முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, உட்காரச் சொன்ன கயிற்றுக் கட்டிலைக் குனிந்து அடிப்பக்கம் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மறுவாரம் அந்தக் கட்டில் என்னையும் சேர்த்துக்கொண்டு அறுந்து விழுந்தது, அது வேறு கதை.

நார் விஷயத்தில் மட்டும் அவர் பேச்சைத் தட்ட முடியாது. தேங்காய் நார் முரடு, ஆனால் தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் அழுகாது, சாரத்துக்கு அதுதான் தோது என்பார். சணல் கைக்கு இதமாக இருக்கும், ஈரம் தங்கினால் மக்கிப்போகும், சாக்குக்கு ஆகும். பருத்திக் கயிறு துணி காயப்போட, வாழைநார் பொட்டலம் கட்ட. முதுகு தேய்க்கிற பீர்க்கங்கூட்டைக்கூட நாலு தடவை இழுத்துப் பார்த்துத்தான் வாங்குவார்.

சாரத்தில் ஆள் ஏறிவிட்டால் போதும், கீழே நின்று கத்த ஆரம்பித்துவிடுவார். ஓரத்துக்குப் போகாதே, சேர்ந்து நிற்காதே, இறங்கு, இறங்கு. புலி வருது புலி வருது என்று தினமும் கத்தினால் யார் காதில் விழும்? மேலே இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே பூசுவார்கள். அக்காவும் சிரிப்பாள். அவள் சித்தாள், கலவைச் சட்டியை மேலே கொண்டுபோய்க் கொடுப்பவள். நான் கீழே கலவை போடுகிறவன்.

ஒரு நாலு மாடிக் கட்டடத்தில் வேலை. அடைமழை பிடித்துக்கொண்டு விடவில்லை. வெளிப்பூச்சு தள்ளிப்போகிறதே என்று மேஸ்திரி காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போலத் துடித்தார். கடையில் தேங்காய் நார்க் கயிறு தீர்ந்துபோய்ச் சணல் கயிறுதான் வந்தது, அதுவும் வண்டியிலேயே நனைந்து சொட்டச் சொட்ட. காயவைத்துக் கட்டலாம் என்றார் மாமா. உன் பயத்தையும் சேர்த்துக் காயப்போடு என்றார் மேஸ்திரி. எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். மாமா ஈரக் கயிற்றை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார்.

நனைந்த கயிற்றில் ஒரு வம்பு உண்டு. ஈரத்தில் நார் உப்பி, முடிச்சு கல்லாக இறுகியிருக்கும். இழுத்துப் பார்த்தால் இதைவிடக் கெட்டியான கட்டு உலகத்திலேயே இல்லை என்று தோன்றும். வெயிலில் காய்ந்ததும் நார் இளைத்து, அதே முடிச்சு தொளதொளத்துப் போகும். அதனால் முதல் வெயில் அடித்ததும் ஒவ்வொரு முடிச்சையும் மறுபடி இறுக்கிவிட வேண்டும் என்று மாமா நினைத்திருந்தார். ஆனால் மழையில் நின்று கட்டியதில் அவரைக் காய்ச்சல் கீழே தள்ளிவிட்டது. மழை விட்டு வெயில் வந்தபோது அவர் போர்வைக்குள் நினைவில்லாமல் கிடந்தார். அக்கா அவருக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டாள்.

ஜன்னல் வழியாக முகத்தில் வெயில் சுட்ட பிறகுதான் அவருக்கு விழிப்பு வந்திருக்கிறது. போர்வையை உதறக்கூடத் தோன்றாமல் ஓடிவந்தார். மேலே மூன்றாம் மாடிச் சாரத்தில் இரண்டு கொத்தனார்கள் ஜன்னலை ஒட்டி நின்று பூசிக்கொண்டிருந்தார்கள். அக்கா சட்டியோடு சாரத்தின் மறுகோடியில் நின்றாள். இதோ கத்தப் போகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கத்தவில்லை. அடிமூங்கிலில் இருந்த முடிச்சைத் தொட்டார். கயிற்றுக்கும் மூங்கிலுக்கும் நடுவில் அவர் விரல் முழுசாக உள்ளே போனது.

"கத்தினா சிரிப்பாங்க. நம்பிட்டா மூணு பேரும் ஒண்ணா ஓடுவாங்க. ரெண்டுலயும் சாவுதான்" என்றார் என் காதோடு. "நீ படிக்கட்டு வழியா ரெண்டாம் மாடி ஜன்னலுக்குப் போ. ஓடாம போ."

நான் ஜன்னலுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் வெளிப்பக்கமாக ஏறி வந்துவிட்டார். கொத்தனார்கள் நின்ற குறுக்குக்கட்டை, கட்டிய இடத்திலிருந்து வழுக்கிக் கீழே இறங்கியிருந்தது. மாமா என் ஜன்னலுக்கு வெளியே, அதற்கடியில் நின்று தோளைக் கொடுத்தார். உடம்பு காய்ச்சலில் கொதித்தது, முகத்தில் மட்டும் ரத்தமே இல்லை.

அக்கா எட்டிப் பார்த்து, காய்ச்சலோடு எதற்கு ஏறினீர்கள் என்று அதட்டினாள்.

"நீ அப்படியே நில்லு. நகராதே" என்றார்.

கொத்தனார்களிடம், மேஸ்திரி கூப்பிடுகிறார், ஒவ்வொருத்தராகப் பக்கத்து ஜன்னல் வழியாக உள்ளே போங்கள் என்று சாதாரணமாகச் சொன்னார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதேயில்லை. முதல் ஆள் முனகிக்கொண்டே உள்ளே போனார். கட்டை மாமாவின் தோளில் அதிர்ந்தது. இரண்டாமவர் சாவகாசமாகப் பூச்சுக் கரண்டியைக் கழுவினார். அந்த மனிதரை அப்போதே கழுத்தைப் பிடித்து உள்ளே இழுத்திருப்பேன், கை எட்டவில்லை.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிலையாக நின்றாள். அவள் நின்ற கோடியிலும் அதே சணல்தான், அதே வெயில்தான். அந்தப் பக்கம் தோள் கொடுக்க ஆள் இல்லை. அங்கே மூங்கில் ஒரு தடவை கிறீச்சென்றது. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

கரண்டிக்காரர் ஒருவழியாக உள்ளே போனார்.

"இப்ப வா. சட்டிய வச்சிட்டு, மெதுவா என் தலைக்கு மேல நடந்து வா."

அக்கா வந்தாள். அவள் கால் மேல்மாடி ஜன்னலைத் தாண்டியதும் நான் மாமாவை இடுப்போடு பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். வெளியே கட்டை தானாகவே சரிந்து இறங்கியது. அதோடு போன கலவைச் சட்டி கீழே விழுந்து சிதறிய சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து, மாமாவின் தோளில் ஏறியிருந்த மூங்கில் சிலாம்புகளை அக்கா ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு சிலாம்பை எடுத்துப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"அவங்களை எல்லாம் முதல்ல அனுப்பினீங்க. என்னை ஏங்க அங்க நிக்க வச்சீங்க?"

மாமா திரும்பிப் பார்க்கவில்லை.

"எல்லாரும் ஒண்ணா அசைஞ்சா கட்டை போயிடும், யாராவது ஒருத்தர் கடைசி வரைக்கும் அசையாம நிக்கணும். மத்தவங்களை நில்லுன்னா, ஏன்னு கேட்டுக்கிட்டே ஓடிருப்பாங்க. நான் சொன்னா நிக்கிறது நீ ஒருத்திதான்."

அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.