எந்தத் துணியைக் கட்டுவது?

யாங்கூன், க்யிம்யிண்டைங் படித்துறை. நான் சோதித்துக் கொடுத்த தண்ணீர் பம்ப் எல்லைப்புற ஊருக்குப் போக லாரியில் ஏறுகிறது. லாரி காதர் பாயுடையது. ஓட்டுவது அவருடைய மருமகன் கோ துன்.

வழியில் கரென் இனப் போராளிகளின் சோதனைக் கேட்டுகள் உண்டு. ஒரே படையாக இருந்தவர்கள் இரண்டாகப் பிரிந்து, ஒரு பிரிவு ராணுவத்தோடு சேர்ந்துவிட்டது. கேட் யார் கையில் இருக்கிறதோ, அவர்களுடைய நிறத் துணியை, மஞ்சளோ பச்சையோ, லாரியில் கட்ட வேண்டும். போன மாதம் நிறத்தை மாற்றிக் கட்டிய ஓட்டுநர் திரும்பி வரவில்லை. இந்த வாரம் பிரிந்தவர்களில் பாதிப் பேர் பழைய படைக்கே போய்விட்டார்களாம். முதல் கேட் இப்போது யாருடையது என்று படித்துறையில் எவருக்கும் தெரியவில்லை.

"கோ துன் எந்தத் துணியைக் கட்டுவார், பாய்?"

"இங்கேயே கட்டுறவன் மடையன்மா. கேட் தெரியுற வளைவுல இஞ்சின் மூடியத் தூக்கி வச்சு, ரிப்பேர்னு நிப்பான். பின்னால வர்றவன் எதக் கட்டிக்கிட்டு உள்ள போறான்னு பாத்துட்டுக் கட்டுவான்."

"பின்னால வர்றவரும் ரிப்பேர்னு நின்னுட்டா?"

கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த கோ துன் சிரிக்கிறார். "நேத்து அந்த வளைவுல நின்ன எல்லா லாரிக்கும் ரிப்பேர்தான்."

பாய் சிரிக்கவில்லை. மஞ்சள் துணியை மருமகனின் இடது பையிலும் பச்சையை வலது பையிலும் தானே வைத்து, பொத்தானைப் போட்டுவிடுகிறார்.

லாரி கிளம்புகிறது. இஞ்சின் சத்தத்தைக் கூர்ந்து கேட்கிறேன். ஒரு குறையும் இல்லை.