கிராஷ் டெண்டரும் நான் கொன்ற விமானியும்

விமானத் தளங்களில் ஓடிய பழைய தீயணைப்பு வண்டிகளின் வரலாற்றைத் தேடித் தொகுப்பது இன்று என் வேலை. இந்தப் பித்து ஏழாம் வகுப்பில் பிடித்தது. பிடித்த விதம் அவ்வளவு பெருமைக்குரியதல்ல.

அப்போது வெளிமாநிலத்தில், விஷ்ராந்த்வாடியில் குடியிருந்தோம். அப்பா விமானப் படைத் தளத்தில் கிராஷ் டெண்டர் ஓட்டினார். விமானம் விழுந்தால் ஓடிப்போய் நுரையடித்துத் தீயை அணைக்கும் வண்டி அது. அவருடைய பழைய வண்டியை ஒதுக்கிவைத்த வருடம், எங்கள் பள்ளியில் பழம்பொருள்களின் வரலாறு என்று ஒரு கண்காட்சி அறிவித்தார்கள். முதல் பரிசை விடுவதில்லை என்று நோட்டும் பேனாவுமாக அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் சொன்னதெல்லாம் ஒன்றுதான். காலையில் எஞ்சினை ஓடவிட்டு, தண்ணீரையும் நுரை மருந்தையும் சரிபார்த்து, விமானங்கள் இறங்கி முடியும்வரை ஓடுபாதையோரம் காத்திருப்பார்கள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எல்லாம் டீக்கா, பத்திரமா இறங்கிடும். நாங்க திரும்பி வந்துடுவோம்."

ஐந்து நாள் குடைந்தேன். இத்தனை வருடத்தில் ஒரு தீ கூடவா இல்லை? இல்லையாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் கண்காட்சிக்கு எழுதிய அட்டையில் நானே ஒரு விமானத்தை விழவைத்தேன். உள்ளே இரண்டு விமானிகள். ஒருவரை அப்பா நெருப்பிலிருந்து தூக்கி வந்தார், மற்றவர் இறந்துபோனார். அட்டையைப் படித்த டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பரிசு எனக்கே என்று ஆயிற்று.

சனிக்கிழமை அப்பா சீருடையிலேயே கண்காட்சிக்கு வந்து அட்டையை இரண்டு முறை படித்தார். பொய்க்குத் திட்டு விழும் என்று தயாராக நின்றேன்.

"அந்த ரெண்டாவது ஆளை ஏம்மா சாகடிச்ச?"

"ரெண்டு பேரையும் காப்பாத்தினா யாரும் நம்ப மாட்டாங்கப்பா."

அவர் நேரே டீச்சரிடம் போய், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று இந்தியில் சொல்லிவிட்டு வந்தார். பரிசு கைவிட்டுப் போயிற்று. மதியம் அம்மா போட்ட சோற்றைத் தொடாமல் எழுந்தார். காட்டிக்கொள்ள ஒரு தீ கூட இல்லையே என்று அவருக்கு வெட்கம், அதனால்தான் என் பரிசையும் கெடுத்தார் என்று முடிவுகட்டி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அந்த இரண்டாவது ஆளுக்குப் பயந்தபடிதான் அவர் தினமும் வேலைக்குக் கிளம்பினார் என்பது எனக்கு அப்போது தெரியாது. இப்போது பழைய பதிவேடுகளைப் புரட்டினால், 'அழைப்பு ஏதுமில்லை' என்று பக்கம் பக்கமாக வருகிறது. ஒன்றையும் தள்ளாமல் படிக்கிறேன். அன்றெல்லாம் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டிருப்பார்.