வெந்நீரில் நனைக்கக் கூடாது

நேற்று மருந்துக் கடைக்குப் போகும் வழியில், எங்கோ பட்டு வேகும் வாசனை வந்தது. உங்களுக்கு அது பழக்கமில்லாமல் இருக்கலாம். கச்சாப் பட்டு நூலில் ஒரு பசை உண்டு. சோப்புக் கரைத்த கொதிநீரில் அவித்தால்தான் அது போய் நூல் மெத்தென்று ஆகும். சாயமெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆரணிக்காரர்களுக்கு அந்த வாசனை வந்தால் புடவை நினைவு வரும். எனக்குக் கம்பளி நூல் நினைவுக்கு வருகிறது. கடை வாசலில் என்ன வாங்க வந்தேன் என்பதே மறந்து நின்றேன். பையில் சீட்டு இருந்ததால் பிழைத்தேன். எதையும் எழுதிவைக்கும் பழக்கம் எனக்குச் செய்த நன்மைகளில் அது ஒன்று.

வீட்டுக்கு வந்து பழைய நாட்குறிப்புகளை இறக்கினேன். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு புரட்டாசி மாதப் பக்கத்தில், ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கிறது. கம்பளி நூல் உருண்டையைச் சுற்றி வரும் பட்டை. வெள்ளைக் காகிதம் தேநீர் நிறமாகிவிட்டது.

அப்போது நான் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மதியம் ஒன்று முதல் மூன்று வரை வகுப்பு கிடையாது. இயந்திரங்களுக்கெல்லாம் உறை போட்டுவிட்டு உட்கார்ந்தால், அண்ணி எனக்குச் சாப்பாடு கொண்டுவருவார். அண்ணன் மனைவி, பெயர் கஸ்தூரி. என்னைவிட மூன்று வயது பெரியவர். அவர் பிறந்தது பட்டு அவிக்கிற வீட்டில். அந்த வாசனை அவருடைய கூந்தலிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றும். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இது மூன்றாவது. பிரசவத்துக்குத் தை மாதம் நாள் குறித்திருந்தார்கள்.

எங்கள் இருவருக்கும் கம்பளிப் பின்னல் சொல்லிக்கொடுத்தவள் சுமதி. தேவிகாபுரத்துக்காரி, என் வயது. கணவர் ராணுவத்தில் இருந்ததால் வடக்கே நான்கு குளிர்காலங்களைக் கழித்துவிட்டு, டைப்பிங் கற்க வந்தவள். அங்கே நேராகப் போடும் கண்ணியைச் சீதா என்பார்களாம், புரட்டிப் போடுவதை உல்டா என்பார்களாம். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகினோம். சைக்கிள் சக்கரக் கம்பியை வெட்டி, முனையைச் சிமென்ட் தரையில் தேய்த்து ஊசி செய்துகொண்டோம். இங்கே கடைகளில் கிடைத்தது கலப்பு நூல். குழந்தைக்கு என்று தெரிந்ததும், தன் பெட்டியிலிருந்து அசல் கம்பளி நூல் நான்கு உருண்டை எடுத்துக் கொடுத்தாள் சுமதி. இளமஞ்சள்.

ஒரு சீதா, ஒரு உல்டா; அடுத்த வரிசையில் அதையே மாற்றிப் போட்டால், கேழ்வரகைத் தூவியதுபோல் பொடிப்பொடியாய் எழும்பும். குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர், எண்பத்து நான்கு கண்ணியில் தொடங்கினேன். ஒவ்வொரு நாளும் எத்தனை வரிசை, எங்கே கண்ணி நழுவியது, எதைப் பிரித்தேன் என்று எழுதினேன். நூல் பட்டையில் ஆங்கிலத்தில் இருந்ததையும் தமிழில் எழுதிக்கொண்டேன்: ‘வெந்நீரில் நனைக்கக் கூடாது. சுருங்கும்.’ சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டேன்.

அண்ணி எட்டிப் பார்த்துச் சிரிப்பார். “ஏன் டீச்சரம்மா, புள்ள பொறந்தா அது எத்தினி வாட்டி அழுவுதுன்னும் எண்ணி எழுதுவீங்களா?”

“எழுதத்தான் போறேன், பாருங்க.”

“அப்ப ராத்திரியில நீங்களே முழிச்சிகினு எண்ணுங்க. நான் ஹாயா தூங்குவேன்.”

அண்ணன் தன் பங்குக்கு, “இந்த ஊரு வேர்வையில உல்லன் சட்டயா? விசிறி எதனா பின்னுங்க, புண்ணியமா போவும்” என்பார். அம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை. பிறக்காத பிள்ளைக்குப் புதுத் துணி வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு. அதனால் முடித்த ஸ்வெட்டரை, நான்கு வெள்ளைப் பொத்தான்களுடன், அண்ணியின் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒளித்துவைத்தோம்.

ஐப்பசியில் அம்மா ஒரு கல்யாணத்துக்காகத் தெள்ளார் போயிருந்தார். சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் வீடு முழுக்கப் பட்டு வேகும் வாசனை. எங்கள் வீட்டில் அந்த வேலையே கிடையாது. அண்ணி கிணற்றடியில் அலுமினியப் பாத்திரத்தின் எதிரே உட்கார்ந்திருந்தார். கையில், பிழிந்த மஞ்சள் உருண்டை ஒன்று. விரித்தபோது என் இரண்டு உள்ளங்கை அகலம்தான் இருந்தது. கண்ணிகள் ஒட்டிக் கெட்டித்து, கேழ்வரகெல்லாம் காணாமல் போயிருந்தது.

“கன்னத்துல வெச்சிப் பாத்தேன், குத்திச்சு. பச்ச ஒடம்பு தாங்காதேன்னு... எங்க அப்பா வூட்ல பட்ட அவிக்கிறா மாதிரி சோப்பு போட்டு ரெண்டு கொதி வுட்டேன். நல்லா மெத்துனு ஆவும்னு நெனச்சேன்.”

பட்டறியாத ஊரில் யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். எனக்கு அப்போது அந்த நிதானம் இல்லை. முப்பத்தோரு நாள் உழைப்பு. “ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாமில்ல? இனிமே இது பொம்மைக்குத்தான் ஆவும்” என்றேன்.

அண்ணி பொத்தான்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு அதை நிழலில் காயப்போட்டார். அன்றைய குறிப்பில், ‘ஸ்வெட்டர் வீணானது’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். நான் சொன்னதை எழுதவில்லை.

கார்த்திகை அடைமழையில், ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. ஆண் குழந்தை. இவ்வளவு சிறிய உயிரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. “சூடா இருக்கறா மாதிரி துணி எதனா இருக்குதாம்மா? ஜல்தியா எடுத்தாங்க” என்றார் ஆஸ்பத்திரி நர்ஸ். அம்மா பழைய வேட்டிக் கிழிசலை நீட்டினார். அண்ணி என்னைப் பார்த்து, “பொட்டி அடியில கீதே, அத எடுத்தாங்க” என்றார்.

வீட்டுக்கு ஓடி எடுத்து வந்தேன். கை நீளம், மார்பு, கழுத்து எல்லாம் அளவெடுத்ததுபோல் பொருந்தின.

“பாத்தீங்களா டீச்சரம்மா, அளவு சரியா கீது” என்றார் அண்ணி. என் முகத்தைப் பார்க்கவில்லை, பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். என்னைத் தேற்றத்தான் சொன்னாரா, பொம்மைக்கு என்று நான் சொன்னதைத் திருப்பிக் கொடுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒன்பது நாள். எத்தனை முறை அழுதான் என்று நான் எண்ணவில்லை. அழவே பெரும்பாலும் அவனுக்குத் தெம்பு இருக்கவில்லை. ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டாம் என்றார் அண்ணி. அதோடுதான் அவனைப் புதைத்தார்கள். அந்த ஸ்வெட்டர் எப்போது பின்னியது என்று அம்மா யாரையும் கேட்கவில்லை. நான் ஊசிகளை ரோஜாச் செடிக்கு முட்டாக ஊன்றிவிட்டேன்.

சில வருடம் கழித்து, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து, யாரோ கம்பளிக் குல்லாய் கொடுத்திருந்தார்கள். பார்க்கப் போயிருந்தோம். அண்ணி அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, “இத சுடுதண்ணியில மட்டும் போட்டுடாதம்மா. நான் புத்தி கெட்டுப் போட்டு, இவங்க பின்னுனதயே பாழாக்கனவ” என்றார். அந்தப் பெண் சிரித்தாள். நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டையில் எழுதியிருந்தது எனக்குத் தெரியும், அண்ணி. உங்களிடம் சொல்லாமல் நாட்குறிப்பில் எழுதிவைத்தேன், அவ்வளவுதான் நான் செய்தது. இதைச் சொல்ல அந்த அறையில் ஒரு நிமிடம் போதும். அதற்குப் பிறகும் ஒரே வீட்டில் பதினோரு வருடம் இருந்தோம்.

பயிலகம் இருந்த மாடியில் இப்போது கைப்பேசி பழுது பார்க்கிறார்கள். சுமதி கணவருடன் மறுபடி வடக்கே போனவள். இரண்டு கடிதங்களோடு நின்றுவிட்டது. அந்த டிரங்குப் பெட்டியை அண்ணன் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அண்ணி போய் ஆறு வருடம் ஆகிறது. கடைசிவரை தானே அதைக் கெடுத்ததாக நினைத்துக்கொண்டுதான் போனார்.

பட்டையின் ஓரம் பெயர்ந்திருந்தது. மறுபடி பசை தடவி அழுத்தினேன். கீழே என் கையெழுத்து, சிவப்பு அடிக்கோட்டுடன், ஒரு பிழை இல்லாமல் இருக்கிறது.