காசிமேட்டில் நான் நிறுத்திய கட்டுமரம்

தேசப்பன் அண்ணன் போய்விட்டார். லண்டனில். காலையில் போன் வந்தது... இன்னும் காபிகூட குடிக்கவில்லை.

ராயபுரத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. சிங்கப்பூர் துறைமுகத்தில் கூலிகளுக்கு யூனியன் கட்டினார். வெள்ளைக்கார சர்க்கார் விசாரணையே இல்லாமல் ஜெயிலில் போட்டது. ஐம்பதுகளில் ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டது.

அந்தக் கப்பல் வந்த நேரம் பார்த்து மெட்ராஸ் ஹார்பரில் எங்கள் ஸ்டிரைக். கப்பல்கள் எல்லாம் வெளியே கடலிலேயே நின்றன. எந்தக் கப்பலுக்கும் எந்தப் படகும் போகக்கூடாது என்று கமிட்டி முடிவு.

காசிமேட்டுக் கரையில் காவல் நான்தான். வயது இருபது, திமிர் நாற்பது.

அண்ணனுடைய அம்மாவுக்கு அன்றைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தாய்மாமன் கன்னியப்பன் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அக்கா கண்ண மூடறதுக்குள்ள புள்ளைய இட்டாந்துடறேன் நைனா. வுட்டுடு."

ரூல்னா ரூல்தான், திரும்பு என்றேன். அவர் காலில் விழாத குறை.

சாயங்காலம் அம்மா போய்விட்டார். மூலக்கொத்தளம் இடுகாட்டில் பிள்ளை போட வேண்டிய மண்ணைக் கன்னியப்பன்தான் போட்டார்.

மூன்றாம் நாள் ஸ்டிரைக் முடிந்து அண்ணன் இறங்கினார். கரையில் கேட்ட முதல் கேள்வி, "இன்னாபா, ஜெயிச்சோமா?"

ஜெயித்தோம் என்றேன். அம்மா போனதை வேறு ஆள் சொன்னான்.

அப்புறம் லண்டன் போனார். எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் சரி, விசாரணை இல்லாமல் உள்ளே கிடந்தவனுக்காக மழையிலும் பனியிலும் போர்டு பிடித்து நின்ற மனுஷன்.

ஒருமுறை லீவில் வந்தபோது எங்கள் பக்கத்து டோல்கேட்டில் யூனியன் மீட்டிங். என்னை மேடைக்கு இழுத்துக் கட்டிப்பிடித்தார்.

"எங்க வூட்டு மரத்தையே நிறுத்துனவன்பா இவன். எங்கம்மா மூஞ்சிய நான் பாக்கல. ஆனா ரூலு எல்லாருக்கும் ஒண்ணுன்னு காட்டிட்டான்."

ஒரே கைதட்டல். மாலை வேறு போட்டார்கள். வாங்கிக்கொண்டேன். லண்டனிலும் இந்தக் கதையைத்தான் சொல்வாராம்...

இதை என் மகள் டைப் செய்கிறாள். அவளுக்கே இப்போதுதான் சொல்கிறேன்.

அண்ணே, அம்மா போன அன்று காலையில் என் தோஸ்து ஒருத்தன் பக்கத்துக் கப்பலுக்கு மீன் விற்கப் போனான். அவன் மரத்தை நான் விட்டேன்.

கன்னியப்பன் எனக்குப் பெண் தரமாட்டேன் என்று சொல்லி அப்போது எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

அது ரூல் இல்லை அண்ணே.

போய் வாங்க.