இரண்டு விரல் இடம்

எதிர்வீட்டு லாய்டு ஹாகனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பது வருடம் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவன். அதனால் உலகத்தில் வேறு யாருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது என்று நினைப்பு. ஆனால் நான் சொல்லவந்தது அவன் மனைவி மார்வாவைப் பற்றி.

மார்வாவுக்குப் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை. இருநூறு பிள்ளைகளை அதட்டிச் சாப்பிட வைப்பவள், வீட்டில் வாய் திறக்க மாட்டாள். எங்கள் மொன்டானா மாநிலத்தில் நல்ல மலைப்பகுதியில் எல்க் மான் வேட்டையாட, குலுக்கலில் பெயர் வர வேண்டும். பதினாலு வருடம் எழுதிப் போட்டாள். இந்த வருடம் அவள் பெயர் வந்தது, லாய்டு பெயர் வரவில்லை. அவனோ "எங்களுக்கு விழுந்திருக்கு" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் காலை கேம்பரை வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். படுக்கையும் அடுப்பும் உள்ள அந்தப் பெட்டி அறை நான்கு ஜாக்கிக் கால்களில் உயர நிற்கும். பின்பக்கம் திறந்த பிக்கப் வண்டியை அதன் அடியில் பின்னால் விட வேண்டும். லாய்டு வண்டிக்குப் பின்சக்கரம் பக்கத்துக்கு இரண்டு, அதனால் அகலம் அதிகம். முன்கால்களுக்கு நடுவே நுழைய இரு பக்கமும் இரண்டு விரல் இடம்தான். அதனால் ஒருவர் நின்று கை காட்ட வேண்டும். எங்கள் ஊரில் அது மனைவிமார் வேலை. திட்டு வாங்குவதும் அதில் சேர்த்தி. இருபத்தாறு வருடம் மார்வா கை காட்டினாள், அவன் திட்டினான், நாங்கள் காப்பிக் கோப்பையோடு வாசலில் நின்று சிரித்தோம். நானும்தான். வெட்கம்கெட்ட சிரிப்பு.

அன்று வண்டி கோணலாக வந்தது. மார்வா முஷ்டியை உயர்த்தினாள். நில் என்று அர்த்தம். அவன் நிற்கவில்லை. சக்கரத்துக்கு மேலிருந்த தகடு ஒரு காலில் இடித்தது, கால் மடங்கியது, கேம்பர் சாய்ந்தது.

இறங்கி வந்தவன் தெருவே கேட்கக் கத்தினான்.

"கண்ண எங்க வச்சிருக்க? நிறுத்துன்னு ஒரு கை தூக்கினா கொறஞ்சா போயிடுவ?"

அவள் கை இன்னும் தூக்கியபடியே இருந்தது.

இந்த வருடம் வேட்டை கிடையாது என்று அவனே தீர்ப்பும் சொல்லிவிட்டான். பதினாலு வருடக் காத்திருப்பு, போயே போச்சு. எனக்கு வந்த ஆத்திரத்தில் கோப்பையை வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தேன். சாய்ந்த மூலைக்குக் கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுத்தோம். என் கேம்பரின் ஜாக்கி ஒன்றைக் கழற்றி வந்து நானும் மார்வாவும் மாட்டினோம். அதற்கும் லாய்டு குறை சொன்னான். பிறகு அவளே ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்து, வண்டியை முன்னால் எடுத்து, நேராக்கி, பின்னால் விட்டாள். அவன் இரண்டு கையையும் வீசி இடது என்றான், வலது என்றான். அவள் மூன்று முறை இறங்கித் தானே குனிந்து பார்த்தாள். நான்காம் முறை, எதிலும் உரசாமல் வண்டி உள்ளே போய் நின்றது. கேம்பரை இறக்கி, நான்கு மூலையிலும் சங்கிலியை இறுக்கிவிட்டு, மறுபடி ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்தாள்.

இவ்வளவுக்கும் பிறகு லாய்டு தன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, மறுபக்கக் கதவைத் திறந்தான்.

"குலுக்கல்ல வந்தது என் பேரு, லாய்டு," என்றாள் மார்வா. குரல்கூட உயரவில்லை. "நான் நில்லுன்னா நிக்கத் தெரியாத ஆள, கையில துப்பாக்கியோட மலைக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன். கதவச் சாத்து."

வெளியே நின்றபடியே சாத்தினான்.