காலியானால் கவிழும் வண்டி

இடியாப்ப வியாபாரத்துக்கு மழை ஒரு எதிரி, நாய் ஒரு எதிரி. எங்கள் வியாபாரத்துக்கு மட்டும் கூடுதலாக அம்மாவும் ஒரு எதிரி. அப்பா அம்மா கடை போட்ட பாவத்துக்குப் பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் சீனிப் பொட்டலம் மடித்துக்கொண்டிருக்கும் சக தியாகிகளே, உங்களுக்குத்தான் இது.

அப்பா குருபோங் தொழிற்பேட்டையில் லோரி ஓட்டியவர். சர்க்கரை வியாதி அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு டிவிக்கு எதிரே உட்கார்ந்தவர்தான். டிவி ஓடும், அவர் பார்க்க மாட்டார். ஒரு நாள் திடீரென்று, "இடியாப்பம் விக்கப் போறேன்" என்றார். பட்டறையில் சொல்லி மோட்டார் சைக்கிளுக்கு இடது பக்கம் ஒரு பெட்டிவண்டி பொருத்தினார். காலால் போடும் கியரைக் கையால் போடுவதற்கு ஒரு கம்பியும் வைத்துக்கொண்டார்.

தொழிற்சாலை வேலைக்குப் போகும் அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "ஒரு தடவ கீழ விழுந்தீங்க, அன்னிக்கே கடைக்குப் பூட்டு." சொன்னதோடு விடவில்லை. துணி துவைக்கிற சாக்கில் தினமும் அப்பாவின் சட்டையில் புல்லோ மண்ணோ ஒட்டியிருக்கிறதா என்று தேடுவார். பூட்டு விழுந்தால் மறுபடியும் டிவிதான் என்று அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

விற்றதால் வந்த வினை

முதல் நாள் நான் பின்சீட்டில் உட்கார்ந்து ஊரிலுள்ள எல்லார் குரலிலும் கூவினேன். ஒரு வாசலில் செய்தி வாசிக்கிறவர் குரல், அடுத்த வாசலில் எங்கள் தலைமையாசிரியர் குரல். தாமான் குடியிருப்பே வெளியே வந்து வாங்கியது. தட்டெல்லாம் காலி. சந்தோஷமாகத் திரும்பினோம், இடது வளைவு வரைக்கும்.

அங்கே பெட்டிவண்டியின் சக்கரம் தரையை விட்டுத் தூக்கியது. சரக்கு இருந்தவரை அதன் பாரமே வண்டியை அழுத்திப் பிடித்திருக்கிறது. விற்றுத் தீர்ந்ததும் அதற்கு இறக்கை முளைத்துவிட்டது. மோட்டார் வலப்பக்கம் இழுக்கிறது, எதிரே ஒரு லோரி வருகிறது. என் வாயில் தானாக வந்தது அம்மாவின் குரல். "ஏங்க! மெதுவா!" அப்பாவின் கை தன்னை அறியாமல் பிரேக்கைப் பிடித்தது. சக்கரம் தொப்பென்று இறங்கியது. ஓரமாக நிறுத்திவிட்டு, வெளுத்துப்போன முகத்தோடு திரும்பிப் பார்த்தார்.

"வீட்டுல ஒரு அம்மா போதும் பாப்பா, பின்சீட்டுல இன்னொண்ணு வேணாம்."

நாய் கவ்விய கால்

மறுநாள் பெட்டியில் பாரத்துக்கு என்னை உட்கார வைத்துப் பார்த்தார். என் உடம்பு போதவில்லை. பெரிய டின் ஒன்றில் தண்ணீர் நிரப்பி வைத்தார். வண்டி அடங்கியது. நாய் அடங்கவில்லை.

நடக்க முடியாத சீனக் கிழவர் ஒருவருக்காக அப்பா இறங்கி, ஊன்றுகோலோடு அவர் வாசலில் நின்றிருந்தார். கேட் இடுக்கில் பாய்ந்து வந்த நாய் அப்பாவின் பொய்க்காலைக் கவ்வி இழுத்தது. பின்னால் திறந்த சாக்கடை. நான் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். நாய் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, ஊன்றுகோல் வழுக்குகிறது. வேறு வழி தெரியாமல் கிழவர் முந்தின நாள் நாயை அதட்டிய அதே கரகரத்த குரலில் ஒரு அதட்டு போட்டேன். நாய் குழம்பிப்போய் வாயைத் திறந்தது. நிஜக் கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டே பதறி வந்து, வலிக்கிறதா என்று மலாயில் கேட்டார். அப்பா பொய்க்காலை டக் டக்கென்று தட்டிக் காட்டினார். கிழவர் மூச்சு விட்டார்.

"பொஸ், எனக்குப் பத்து குடு. அவனுக்கு ரெண்டு. சீனி போடாத லா, ஏற்கெனவே குண்டு" என்றார், நாயைக் காட்டி.

நிஜக் குரல்

அதற்குப் பிறகு நான் சும்மா இருந்தேனா? வளைவுக்கு வளைவு அம்மாவின் குரலில் கத்தி அப்பாவைத் துள்ள வைத்தேன். போகப் போக அவர் கண்டுகொள்வதையே விட்டுவிட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாச்சிக், பக்கத்துத் தெரு மலாய்க்கார அம்மா, தன் வீட்டு விருந்துக்கு மொத்தமாகக் கேட்டிருந்தார். தட்டு வைக்க இடம் போதாமல் அப்பா தண்ணீர் டின்னை வீட்டிலேயே இறக்கிவிட்டார். கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம். பெட்டி காலி, டின்னும் இல்லை, தூறல் வேறு. முச்சந்தியில் தொழிற்சாலை பஸ் நிற்கிறது. வளைகிறோம், சக்கரம் தூக்குகிறது.

"ஏங்க! மெதுவா!"

கத்தியது நான் இல்லை. அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கிய அம்மா.

"போதும் பாப்பா" என்றார் அப்பா. பிரேக்கைத் தொடவே இல்லை. வண்டி ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கப் புல்மேட்டில் ஏறி, மாடு படுப்பதுபோல் மெதுவாகச் சாய்ந்தது. நான் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், பொய்க்கால் மட்டும் தனியாக ரோட்டோரம். பஸ் ஜன்னல் முழுக்க அம்மாவின் கூட்டாளிகளுடைய தலைகள்.

அம்மா நடந்து வந்தார். குனிந்து பொய்க்காலை எடுத்தார். யூனிஃபோர்ம் நுனியால் துடைத்தார். பூட்டு விழுந்தது என்றே நினைத்தேன். புல்லில் மல்லாந்து கிடந்த அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "அப்ப கத்துனது நீதானா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல், இருமி இருமிச் சிரித்தார். காலை எடுக்க அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து எங்கள் வீட்டில் கேட்காத சத்தம் அது.

அம்மா அதை முழுக்கக் கேட்டு முடித்தார். பிறகு என்னிடம், "ஏன் கவுந்துச்சு?"

"எல்லாம் வித்துருச்சும்மா. காலியா இருந்தா தூக்கும்."

"எல்லாமேவா?"

பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு அண்ணன்கள் வண்டியை நிமிர்த்தினார்கள். அம்மா காலை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, பெட்டியில் ஏறி, காலித் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். வண்டி ஒரு தடவை முனகியது. அப்புறம் அசையவில்லை.

"வித்து முடிச்சா நேரா இந்த முச்சந்திக்கு வந்துருங்க, நான் ஏறிக்கிறேன். பூட்டப் பத்தி அப்புறம் பேசலாம்."

மூன்று பேரை அந்த வண்டி தாங்காது என்பதால், எல்லாம் விற்றுத் தீரட்டும் என்று அவர்கள் இரண்டு பேரும் சாமி கும்பிட, அம்மாவுக்குப் பதில் பாரத்துக்கு நாலு தட்டாவது மிஞ்சட்டும் என்று வேண்டிக்கொண்டே தினமும் வீட்டுக்கு நடந்து போகிற ஒரே பங்குதாரர் நான்தான்.